சாமான் அறையில் கேட்டது

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குப் பகீரென்றிருக்கும். இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. அப்பா நன்றாக இருக்கிறார். கால் வலியைத் தவிர நானும் நன்றாகவே இருக்கிறேன். இதை நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

என் கடிதம் வழக்கமாக எப்படித் தொடங்கும் என்று உனக்குத் தெரியும். கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, இரண்டாவது வரியிலேயே உன்னைத் திட்ட ஆரம்பித்திருப்பேன். இந்த முறை ஆண்டவரைத் துணைக்கு இழுக்கவில்லை, நான் மட்டும்தான் எழுதுகிறேன். போனில் பேசலாமே என்று நினைப்பாய். நீ “நல்லா இருக்கேன்மா, அப்பாகிட்ட குடு” என்று சொல்லி முடிப்பதற்குள் நானும் போனை அவரிடம் நீட்டிவிடுகிறேன். என் வாய்க்கா இந்த நிலைமை என்று நீயே சிரிப்பாய்.

நான் வேலை பார்க்கிற தையல் கடையில், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. முதலாளியம்மா அதில் யாரையும் கைவைக்க விடமாட்டேன் என்கிறார், அவருக்கும் ஓட்டத் தெரியாது. தினமும் துடைத்துத் துணி போட்டு மூடி வைக்கிறோம். எதிர் வீட்டு வாத்தியார் மாடிமேல் மாடி எழுப்புகிறார், காலையிலிருந்து சாயங்காலம்வரை டொக்கு டொக்கென்று ஒரே சத்தம். அப்பா டிப்போவில் அதே டைம்கீப்பர் நாற்காலியில்தான் இருக்கிறார். ஒரு பஸ் நான்கு நிமிடம் தாமதமாக வந்தால் வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுச் சாமான் அறை ஞாபகமிருக்கிறதா? பழைய பெட்டிகள், ஓடாத டேபிள் ஃபேன், இஸ்திரிப் பலகை, நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம். காலை ஆறு பத்துக்கு அப்பா அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். ஆறு இருபத்தைந்துக்கு வெளியே வருவார். அவர் உள்ளே தூங்குகிறார் என்று எத்தனை தடவை உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்! குடும்ப ஜெபத்தில் ஆமெனைத் தவிர வாயே திறக்காத மனுஷன் தனியாகப் போய் அப்படி என்னதான் ஜெபித்துவிடப்போகிறார் என்று எனக்கு ஓர் இளக்காரம்.

ஏனென்றால் நம் வீட்டில் ஜெபம் என்றால் அது நான்தான். தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் கிளம்பிப்போகிற இந்த மனுஷனுக்கு ஞாபக சக்தியைத் தாரும் ஆண்டவரே என்பேன். பரீட்சைக்குப் பதினோரு நாள் இருக்கையில் கதைப் புத்தகம் படிக்கிற பிள்ளையின் கண்களைத் திறந்தருளும் என்பேன். நேரில் சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் எதிர்த்துப் பேசுவீர்கள். ஜெபத்தில் சொன்னால் முழங்காலில் நின்றபடி முழுவதையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்! நீ ஒற்றைக் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்ப்பாய். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையை இன்னும் குனிந்துகொள்வார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? என் கண்ணும் திறந்துதான் இருந்தது.

இரண்டு மாதமாக அப்பாவின் போக்கே சரியில்லை. உன் போன் வந்தால் பால்கனிக்குப் போய்விடுவார். திரும்பி வந்து, கேட்காமலேயே “ஒண்ணுமில்ல, சும்மாதான் பேசினா” என்பார். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, ஒரே திருட்டு முழி. இரண்டு நாள் சோறு இறங்காமல் தட்டோடு எழுந்துபோனார். அவருக்குத்தான் ஏதோ பெரிய வியாதி, எனக்குத் தெரியாமல் உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். டாக்டர் சீட்டு ஏதாவது கிடைக்குமா என்று சட்டைப் பையெல்லாம் துழாவினேன். பஸ் டைம் எழுதிய துண்டுக் காகிதங்கள்தான் கிடைத்தன.

அதனால்தான் போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, செய்யக் கூடாத காரியத்தைச் செய்தேன். சாமான் அறைக் கதவில் காதை வைத்தேன்.

அப்பா ஜெபிக்கிற மாதிரியே இல்லை சிட்டு. பெயிண்ட் டப்பாவுக்கு எதிரே இன்னொரு டப்பா போட்டு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். நான் ஜெபத்தில் ‘நீர்’ ‘உமது’ என்று உரக்கச் சொல்வேனே, அதெல்லாம் கிடையாது. “நேத்து புள்ளகிட்ட பேசினேன். ஆறு மாசம் முடிஞ்சிருச்சாம். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்காராம். போன தடவ மாதிரி ஆயிடுமோன்னு அவளுக்குப் பயம். எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றார்.  பிறகு, “அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லிட்டா. நானும் சரின்னுட்டேன். தெனமும் இவ மொகத்தப் பாத்துக்கிட்டே மறைக்கறது கஷ்டமா இருக்கு. என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க” என்றார்.

விஷயம் தெரிந்துவிட்டது, அப்போதே போயிருக்க வேண்டும்.  ஆனாலும் கதவைவிட்டு நகரவில்லை. இனி என்னைப் பற்றிப் புகார் வரும், அதையும் கேட்டுவிட்டே போவோம் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “இவளுக்கும் காலு ரொம்ப வலிக்குதுபோல, மெஷின் மிதிக்கிற காலு. அதையும் கொஞ்சம் பாத்துக்குங்க.” டப்பா நகர்கிற சத்தம் கேட்டதும் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

முப்பத்தொரு வருஷம் அவர் குறைகளையெல்லாம் அவர் காதுபட ஆண்டவரிடம் ஒப்பித்தவள் நான். அவரும் என்னைப் பற்றி ஒரு புகாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். பெற்றவளிடமே மறைக்கிற அளவுக்கு என்ன செய்துவிட்டேன் என்று பாத்திரங்களை டமால் டமாலென்று போட்டேன். அப்பா பாவம், மோட்டாரைப் போய் அணைத்துவிட்டு வந்தார். அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே, சனிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் இதை எப்படித் தொடங்குவது என்று என் மனம் ஒரு பக்கம் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தது. ‘படுத்த படுக்கையாய் இருக்கிற என் மகளை’ என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்கும், எல்லோரும் உருகிவிடுவார்கள் என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நீ ஏன் மறைத்தாய் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ வந்திருந்தபோது, மூன்று மாதத்தில் கலைந்துபோனதை என் மடியில் தலைவைத்து என்னிடம் மட்டும் சொன்னாய். யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆண்டவரிடம்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு பெண்களுக்கு நடுவே, உன்னையும் பக்கத்தில் முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கி இல்லாத குறையாகச் சொன்னேன். தாயின் பேச்சைக் கேட்காமல் வேலைக்கு ஓடிய இந்தப் பிள்ளையை மன்னியும் என்று ஒரு குத்தும் சேர்த்துக் குத்தினேன். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து உன் கன்னத்தைத் தடவினார்கள். உன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். மறுநாள் காலை நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

(நேற்று இந்த இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். கடிதத்தை எதிர் வீட்டு வாத்தியாருடைய பேண்ட்டுக்குள் சுருட்டி வைத்து, அதைத் தைப்பதுபோலப் பாவனை செய்தேன். இப்போது இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் திருட்டு முழி.)

ஒட்டுக்கேட்டதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, அப்பா டிப்போவுக்குப் போனதும் நான் சாமான் அறைக்குள் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு அந்த டப்பாமேல் உட்கார்ந்தேன். “இரக்கமும் உருக்கமும் நிறைந்த பிதாவே” என்று வழக்கம்போல எடுத்தேன். அந்தப் பெட்டிகளுக்கு நடுவே என் குரல் எனக்கே என்னவோபோல இருந்தது. ஆமென் சொல்ல ஆளில்லை, ‘ஸ்தோத்திரம்’ என்று இழுக்க ஆளில்லை, குத்திக்காட்டவும் ஆளில்லை. அடுத்த வரி வரவில்லை. நம்புவாயா, உன் அம்மாவுக்கு ஜெபத்தில் வார்த்தை வரவில்லை! இஸ்திரிப் பலகையைப் பார்த்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோதான் ஒரு வாக்கியம் வந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆண்டவருக்கு முன்னால் அந்தப் பொய் வெளியே வரமாட்டேன் என்றது. “தெரிஞ்சேதான் பண்ணேன். அவங்க எல்லாரும் அழணும்னு நெனச்சேன். அழுதாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு” என்று சொன்னேன். சொன்னதும் அப்படி ஓர் அழுகை வந்தது. அன்றைக்கு உன் துக்கத்தை நான் ஆண்டவரிடம் கொண்டுபோகவில்லை சிட்டு, கூட்டத்திடம்தான் கொண்டுபோனேன். என்னை மன்னித்துவிடு. இதற்குமேல் இதைப் பற்றி நான் அழகாக எழுத ஆரம்பித்தால் மறுபடியும் பழைய புத்தி வந்துவிடும்.

இப்போது தினமும் அப்பா கிளம்பியபின் நான் உள்ளே போகிறேன். பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. இன்றைக்கு அவள் சாப்பிட்டாளா என்று தெரியவில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். சில நாள் உன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவருக்குத் தெரியாததையா நான் போய்ச் சொல்லிவிடப்போகிறேன்? ஒரு விஷயம்தான் எனக்குப் புதிது. வெளியே வரும்போது யார்மேலும் கோபம் இருப்பதில்லை. முன்பெல்லாம் ஜெபித்து முடித்தபிறகுதான் எனக்கு இரத்தக் கொதிப்பே ஏறும்.

சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெபக் குறிப்புகள் கேட்கும்போது பாஸ்டரம்மா என்னைப் பார்த்து, மகள் எப்படி இருக்கிறாள், ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டார். இருபத்திரண்டு தலைகளும் திரும்பின. தொண்டைவரைக்கும் வந்தது சிட்டு, நாக்கு அப்படி அரித்தது. “நல்லா இருக்கா” என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என்னை நீண்ட ஜெபத்துக்குக் கூப்பிட்டபோதும், வேறு யாராவது செய்யட்டும் என்றேன். எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம். போன வாரம் பாஸ்டரம்மா பழங்களோடு என்னைப் பார்க்க வந்துவிட்டார். பேசிக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துபோய்விடாது.

இன்னொன்று. கடையில் மிருதுவான வெள்ளைத் துணி மிஞ்சியிருந்ததைக் கேட்டு வாங்கி, உள்ளங்கை அகலத்தில் நான்கு சட்டை வெட்டித் தைத்திருக்கிறேன். தையல் உள்பக்கம் உறுத்தாமல் இருக்க வெளிப்பக்கமாகத் திருப்பி அடித்திருக்கிறேன். முதலாளியம்மா யாருக்கு என்று கேட்டார். ஒரு கஸ்டமர் ஆர்டர் என்றேன். அந்தப் பொய்யையும் டப்பாமேல் உட்கார்ந்து ஒத்துக்கொண்டாயிற்று. அவற்றை இப்போது அனுப்பவில்லை, நீ கேட்டால்தான் அனுப்புவேன்.

நான் ஒட்டுக்கேட்டது அப்பாவுக்குத் தெரியாது. உனக்குக் கொடுத்த வாக்கை அவர் ஒரு நாளும் மீறவில்லை, அவரைக் கோபித்துக்கொள்ளாதே. என்னிடம் மறைப்பதற்காக அவர் படுகிற பாட்டைத்தான் பார்க்க முடியவில்லை. நேற்றுக் குழந்தை விளம்பரம் வந்ததும் டிவியையே அணைத்துவிட்டார். அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது, போனில் அவரிடம் “அம்மாகிட்ட சொல்லலாம்ப்பா” என்று ஒரு வார்த்தை சொல். அடுத்த வாரம் சொன்னாலும் சரி, பிள்ளை பிறந்தபிறகு சொன்னாலும் சரி. மனம் வரவில்லை என்றால் சொல்லவே வேண்டாம், நான் தாங்கிக்கொள்வேன். அவர் வந்து சொல்லும்போது அப்போதுதான் கேட்பதுபோல வாயைப் பிளந்து நிற்பேன், அந்த நடிப்பு எனக்கு வரும். இந்தக் கடிதத்துக்கும் நீ பதில் எழுத வேண்டாம்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உன்னையும் உன்னோடு இருக்கிறவர்களையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு எதுவும் தெரியாது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படு.

அன்புடன்,
அம்மா