அந்தச் சீட்டைக் கிழிக்காதே

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது, மற்றபடி அவரும் சுகம், அவர் வாயும் சுகம். நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். எதிர் வீட்டு நர்ஸ் விடுமுறை முடிந்து நாளை சாயங்காலம் உங்கள் ஊருக்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்பினால் புதன்கிழமை இது உன்னிடம் இருக்கும், உன் மேனேஜர் வருவதற்கு ஒரு நாள் முன்னால். இன்று காலை ஃபோனில், என் கடிதம் வரும்வரை அந்தச் சீட்டைக் கிழிக்காதே, யாரிடமும் போய் நிற்காதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். காரணத்தையும் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நான் எதைச் சொன்னாலும் நீ சரிம்மா என்பாய். நேற்று நான் சொன்ன தப்பான யோசனைக்கும் அதே சரிம்மாதான் சொன்னாய். இந்த முறை அம்மா சொன்னாள் என்பதற்காக நீ எதையும் செய்ய வேண்டாம், காரணம் எழுத்தில் உன் கையில் இருக்கட்டும், படித்துப் பார்த்து நீயே முடிவு செய்.

வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பிறகு மறந்துவிடும். அக்கா மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சித்தி எப்போது வருவாள் என்று கேட்கிறாள், வாயில் காற்றுதான் வருகிறது. மேல் தொட்டியின் கசிவை அடைத்தாயிற்று. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறோம், பழையதை உடைத்தது அப்பா, பழி பூனைமேல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார், தப்பிருந்தால் சிவப்பு மையால் திருத்து. கிடங்கு கட்டும் இடத்தில் உயரத்தில் இரும்புச் சட்டங்களைப் பூட்டுகிறவர்களுக்கு, தலைக்கு மேலே உள்ள உத்தரத்தில் ஒரு டப்பா மாட்டியிருக்கும். அதற்குள் கம்பிவடம் சுருண்டிருக்கும், அதன் நுனிக் கொக்கி ஆளின் முதுகு வாரில் மாட்டியிருக்கும். ஆள் நகர்ந்தால் வடம் வெளியே வரும், திரும்பினால் தானே உள்ளே போகும், விழுந்தால் சட்டென்று பூட்டிக்கொண்டு சில அடிக்குள் நிறுத்திவிடும். எந்நேரமும் பின்னாலிருந்து லேசாக இழுத்துக்கொண்டே இருப்பதால் உங்கள் ஆட்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த இழுப்புப் பிடிக்காமல்தான் நீங்கள் எல்லாரும் பெரியண்ணன் என்று கூப்பிடும் மூத்த மேஸ்திரி, முப்பது வருடமாக உத்தரத்தில் நடக்கிறவர், நீ வேலைக்குச் சேர்ந்த முதல் மழையில் தன் மழைக்கோட்டைக் கழற்றி உனக்குக் கொடுத்தவர், வடத்தில் ஓர் இரும்புக் கிளிப்பைக் கடிக்கவிட்டு அது உள்ளே சுருளாதபடி செய்துகொண்டார். வடம் இரண்டு மீட்டர் தொளதொளவென்று தொங்கியது. நீ கீழேயிருந்து பார்த்துவிட்டு, அண்ணே, கிளிப்ப எடுங்க, இல்லேன்னா இறங்குங்க என்றாய். அவர், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் மேல ஏறிட்டேம்மா, எனக்கே பாடமா, முப்பது வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா சொல்லு என்றார். பாதுகாப்பைப் பார்ப்பது உன் பொறுப்பு என்பதால் நீ அவர் வேலையை நிறுத்தி, காரணத்தைக் குறித்துச் சீட்டு எழுதினாய். இருபது பேர் பார்க்க அவர் இறங்கி வந்தார், அன்றிலிருந்து உன்னோடு யாரும் சாப்பிட உட்காருவதில்லை. வியாழக்கிழமை மேனேஜர் வரும்போது நீ அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பெரியண்ணனின் ஆட்கள் ஏறமாட்டார்களாம். இவ்வளவையும் நீ சொல்லி முடித்ததும் உன் அம்மா என்ன சொன்னாள்? பெரியவர் மனசு நோகக் கூடாதும்மா, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா நீ ஒண்ணும் குறைஞ்சிட மாட்ட, அனுசரிச்சுப் போ என்றாள்.

இன்று காலை அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகக் கிளம்பினோம், அழைத்துப் போவது நான் என்றாலும் ஓட்டுவது அவர். தெரு முனை திரும்பும்போது அவர் தோளுக்கு மேலே நீலமாக ஒன்று தெரிந்தது. துணி காயப்போடும் கிளிப். சீட் பெல்ட் உள்ளே சுருளாமல் இருக்க, கதவோரத் தூணிலிருந்து அது வெளியே வரும் இடத்தில் மாட்டி வைத்திருக்கிறார். புதிதாக மாட்டியதா என்றால் இல்லை, கார் வாங்கிய நாள் முதல் அது அங்கேயேதான் இருக்கிறது, ஒன்பது வருடம், நான் தினமும் பார்த்திருக்கிறேன், பார்க்கவே இல்லை. வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். எதுக்கு என்றார். சொல்றத செய்யுங்க என்றேன், பள்ளிக்கூடக் குரல் வந்துவிட்டது போலிருக்கிறது, உடனே நிறுத்திவிட்டார். கிளிப்பை எடுத்துவிட்டு பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தேன், விரல் நீளம்கூட வராமல் பூட்டிக்கொண்டது. கிளிப்பை மாட்டிவிட்டு, கொஞ்சம் முன்னால சாயுங்க என்றேன். சாய்ந்தார். அவர் நெஞ்சு ஸ்டியரிங்கைத் தொடுகிறவரை அந்த பெல்ட் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாணும் நாலு விரலும் தொய்வு. கழுத்த அறுக்குது, அதான் போட்டேன், ஒன்பது வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா சொல்லு என்றார் உன் அப்பா. அதே வாக்கியத்தை நேற்று நீ சொல்லிக் கேட்டேன், பெரியண்ணன் வாயிலிருந்து வந்ததாக, வருடக் கணக்கு மட்டும்தான் வேறு.

முப்பத்திரண்டு வருடம் நிலைமம் என்ற பாடத்தைக் கரும்பலகையில் எழுதியவள் நான். பஸ் திடீரென்று நின்றால் நாம் ஏன் முன்னால் விழுகிறோம் என்று எத்தனை பிள்ளைகளை எழுப்பிக் கேட்டிருப்பேன். அங்கேயே காரில் உட்கார்ந்தபடி ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இரண்டு மீட்டர் தொய்வு என்றால், பெரியண்ணனை அந்த வடம் பிடிக்கத் தொடங்குவதற்குள் அவர் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியிருப்பார். சைக்கிளில் இறக்கத்தில் வந்து பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதுவது போல. அவ்வளவு அடியும் ஒரே முதுகெலும்புக்கு. டப்பாவும் ஓர் அளவுக்குத்தான் தாங்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஆக மாமியார் இழுக்கிறவரைதான் உயிருக்குக் காவல், அவள் வாயைக் கட்டினால் குடும்பம் தரையில். இது பாடத்தில் இருந்தும் எனக்கு நேற்று உறைக்கவில்லை. பெரியவர் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா அறிவியலை மூடி வைத்துவிட்டாள்.

இது முதல் தடவையும் இல்லை. உனக்குச் சொன்னதில்லை, எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் வெளியே ஓடாமல் இருக்கப் பின் கதவை உள்ளே பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். நாற்பது பிள்ளைகள், அமிலம், நெருப்பு, ஒரே வாசல். நான் பக்கத்து வகுப்பில் பதினோரு வருடம் இருந்தேன், ஒருநாளும் அவரிடம் சொல்லவில்லை. நல்லவர், எனக்கு வேலை நிரந்தரமானபோது இனிப்பு வாங்கி வந்தவர், எப்படிச் சொல்வது. ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மை. நடக்காதது என் சாமர்த்தியத்தால் இல்லை என்பதும் உண்மை. ஐம்பத்தெட்டு வயது வரை உன் அம்மாவுக்கு வராத துணிச்சல், இருபத்தாறு வயதில் உனக்கு, அதுவும் மழைக்கோட்டு கொடுத்த கையைப் பார்த்து வந்திருக்கிறது. பிடிக்காதவனை இறங்கச் சொல்வது யாராலும் முடியும் கண்ணு. காலையிலிருந்து அக்காவுக்கு ஃபோன், உன் அத்தைக்கு ஃபோன், பால்காரரிடம்கூட உன் பெருமையைச் சொல்லிவிட்டேன், அவர் பாவம் மீதிச் சில்லறையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் கிளிப்பைப் பிடுங்கியதோடு என் கதை முடியவில்லை, மீதியையும் கேள். பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று அப்பா வழியெல்லாம் முனகினார். சும்மா நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன், சட்டையை விலக்கிப் பார்த்தால் நிஜமாகவே ஒரு சிவந்த கோடு. திரும்பும் வழியில் மெக்கானிக்கிடம் நிறுத்தினோம். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூணில் உள்ள பட்டனை அமுக்கி பெல்ட்டை நாலு விரல் கீழே இறக்கினான், அவ்வளவுதான், பெல்ட் கழுத்தை விட்டுத் தோளுக்கு வந்துவிட்டது. இதுக்காகவா சார் ஒன்பது வருஷம் கிளிப்போட குடித்தனம் நடத்துனீங்க என்று கேட்டான். அப்பா இன்னும் அவனோடு கோபமாக இருக்கிறார், காசு வாங்காததால் கோபம் கொஞ்சம் குறைவு. அதனால் எனக்கு ஒன்று தோன்றியது. பெரியண்ணன் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே பேசினார் என்று நேற்று நீ போகிறபோக்கில் சொன்னாய். அவர் உடம்பில் மாட்டும் ஹார்னஸின் வார் எங்கே உராய்கிறது, கொக்கி மாட்டும் முதுகு வளையம் சரியான இடத்தில் இருக்கிறதா, அந்த டப்பா மற்றவற்றைவிடக் கூடுதலாக இழுக்கிறதா, அதைச் சரிபார்க்க அனுப்ப வேண்டுமா, இதெல்லாம் உனக்குத் தெரிந்த வித்தை, எனக்குத் தெரியாது. ஆனால் முப்பது வருடத்தில் அவரிடம் யாரும் எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று மட்டும் தோன்றுகிறது. இருபது பேர் முன்னால் குரலை உயர்த்தினாய் என்றால் அந்தக் குரலுக்கு, அவரிடம் தனியாக, மன்னிப்புக் கேள், அது மரியாதை. சீட்டுக்கு மன்னிப்புக் கிடையாது. கிளிப் இல்லாமல், வலியும் இல்லாமல் அவர் மறுபடி ஏறுகிற அன்று உங்கள் சாப்பாட்டு மேசை தானாக நிறையும். நிறையாவிட்டாலும் பரவாயில்லை, தனியாகச் சாப்பிடுவது ஒரு வியாதி இல்லை.

நீயும் மேலே ஏறுகிறவள்தான், ஆகவே நீ சொல்லிக் கொடுத்ததையே உனக்கு ஒப்பிக்கிறேன், மதிப்பெண் போடு. ஏறும் முன் வடத்தை வெடுக்கென்று இழுத்துப் பூட்டுகிறதா என்று பார். டப்பா தலைக்கு மேலே இருக்கட்டும், காலடியில் வேண்டாம். அதற்கு நேர் கீழேயே வேலை செய், பக்கவாட்டில் தூரம் போகாதே. இதை நான் ஜன்னல் கம்பியில் நூலும் சாவியும் கட்டிச் சோதித்தேன், ஓரத்திலிருந்து விட்ட சாவி ஊஞ்சலாக வந்து அப்பாவின் டம்ளரில் அடித்தது. நூல் அறுந்துபோகவில்லை, டம்ளர்தான் போனது, ஆளுக்கும் அப்படித்தான் என்று விளங்கியது. கழற்றிய பின் வடத்தைக் கையிலிருந்து அப்படியே விட்டுவிடாதே, மெல்ல உள்ளே அனுப்பு. ஒருமுறை விழுந்த ஆளைப் பிடித்த டப்பாவைத் துடைத்து மறுபடி மாட்டச் சொன்னால், சொன்னவர் யாராக இருந்தாலும் மாட்டாதே.

நல்ல உடம்போடும் நிமிர்ந்த தலையோடும் நீ நெடுநாள் இருக்க வேண்டும், உன் கண் பார்க்கும் ஒருவரும் விழாமல் இருக்க வேண்டும், இதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். நர்ஸிடம் மூட்டு வலித் தைலம் ஒன்று கொடுத்திருக்கிறேன், அது உனக்கு இல்லை, பெரியண்ணனுக்கு. வியாழக்கிழமை மேனேஜர் கிழிக்கச் சொல்லி அந்தச் சீட்டை நீட்டினால் வாங்கி, மடிக்காமல் கோப்பில் வை. பெரியவங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு உங்க வீட்ல சொல்லித் தரலையா என்று யாராவது கேட்டால் கோபப்படாதே. வீட்டில் மன்னிப்புக் கேட்கத்தான் சொன்னார்கள், இது நானாகக் கற்றது என்று உள்ளதைச் சொல்.

உன்னிடம் பாடம் படித்த,
அம்மா