எண்ணெய்ப் போத்தலில் ஒட்டிய பொட்டு

அன்புள்ளவளே,

இன்று காலை புது எண்ணெய்ப் போத்தலைத் திறந்ததும் என் கை தானாகக் கண்ணாடிப் பக்கம் போனது. பொட்டு அட்டையிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டை எடுத்துப் போத்தலின் நடுவில் ஒட்டினேன். ஞாயிறு வரை எண்ணெய் அந்தப் பொட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. வீட்டில் வரவு செலவு எழுதுகிறவள் நான். ஆனால் இந்தக் கணக்கை உண்டாக்கியவள் நீ. “போத்தலுக்கும் சுமங்கலிக் களை வந்துருச்சுக்கா” என்று சிரித்தாயே!

கோலா கெத்தில் தாமான் குடியிருப்பில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். கல்யாணமாகி வருடங்கள் போயும் உனக்குக் குழந்தை இல்லை. மாதவிலக்கு நினைத்தால் வரும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் காணாமல் போகும். தாடையில் முளைத்த முடியை நூல் போட்டு எடுப்பாய். நாம் இருவரும் போன கிளினிக்கில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, கொழுப்பும் ஏறியிருக்கிறது, ஆண் ஹார்மோனும் கூடியிருக்கிறது என்றார்.

“எங்க வீட்டுக்காரருக்கே மீசை சரியா முளைக்கல டாக்டர். அவருக்குப் போக வேண்டியது வழிதவறி எங்கிட்ட வந்துருச்சா?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

புரட்டாசி பிறந்தது. “மாசம் முழுக்கச் சைவம். சாமி சாப்பாட்டுல ஏதுக்கா கொழுப்பு?” என்றாய். எனக்கும் அது சரியென்றே பட்டது. கறி, மீன், முட்டை எதையும் நீ தொடவில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் கோயிலில் அன்னதானம். வடை, அப்பளம், கேசரி, பாயசம். பிரசாதத்தை யார் வேண்டாமென்பார்? வீட்டிலோ பசித்தபோதெல்லாம் இனிப்பு டின் பால் ஊற்றிய தே தண்ணி. மாதம் முடிந்து மறுபடி ரத்தம் கொடுத்தால், கொழுப்பு முன்னைவிட ஏறியிருந்தது.

“பெருமாளே என்னைக் கவுத்துட்டாருக்கா!”

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இனிப்பும் மாவும் அளவு மீறினால் ஈரல் அதைக் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடுமாம். அப்படிப்பட்ட உடம்பில் பெரும்பாலும் இன்சுலினும் மிகுந்துபோய், ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும்படி சினைப்பையைத் தூண்டுமாம். அந்த ஹார்மோனைப் பிடித்து வைக்கிற புரதத்தையும் ஈரல் குறைத்துவிடுமாம். பிறகு கருமுட்டை எப்படி முதிரும், மாதவிலக்கு எப்படி வரும்?

“அப்ப கொழுப்பே வேணாம்லா. இனிமே வெறும் ரசஞ்சோறுதான்” என்று நீ எழுந்துகொண்டாய். அவர் உட்கார வைத்தார். ஹார்மோன் செய்யவே உடம்புக்குக் கொஞ்சம் கொலஸ்ட்ரால் வேண்டுமாம். எனக்கு அது இப்படித்தான் விளங்கியது: அரிசி இல்லாமல் சோறு பொங்காது, அதற்காக மூட்டைகளை வாசல்வரை அடுக்கினால் வீட்டில் நடக்க வழியிருக்காது.

அன்றுதான் போத்தலுக்குப் பொட்டு வந்தது. டின் பால் நின்றது. டாக்டரம்மா கொடுத்த மாத்திரை தவறவில்லை. மாலையில் ரப்பர் தோட்டம் வரை நடந்தோம். கோயிலில் கேசரியை விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை என் கணவரின் இலைக்குத் தள்ளுவாய். “பிரசாதம்ண்ணே, வேணாம்னு சொல்லக் கூடாது!” பங்குனிக்குள் மாதவிலக்கு வந்துவிட்டால் உத்திரத்தன்று பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டாய். வந்தே தீரும் என்று குடமும் மஞ்சள் சேலையும் வாங்கி, விரதமும் இருந்தாய்.

உத்திரத்தன்று காலை கோயிலுக்குப் போகும் வேனுக்காகக் காத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உன் குரல். “அக்கா! வந்துருச்சுக்கா!”

“எது, வேனா?”

வேன் இல்லை. “கேட்டதையும் குடுத்துட்டு, கோயிலுக்கு வராதேன்னும் சொல்றாரு பாரு இந்த முருகன்!” சுவரில் தலை சாய்த்து அழுதாய், அழுதபடியே சிரித்தாய். உன் குடத்தை நான் எடுத்தேன். நீ சாலைக்கு அந்தப் பக்கம், இடுப்பில் கை வைத்து நின்றாய். அடுத்த உத்திரத்தில் உன் வயிறு நிறைந்திருந்தது. அதற்கடுத்ததில் கைக்குழந்தை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது: குடம் உனது, தலை எனது.

போன வருடம் டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன் மகள் இப்போது தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தீபாவளியிலிருந்து அவளுக்கும் மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. அதே கிளினிக், அதே மாதிரித் தாள். அவள் வீட்டுப் போத்தலுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். “பெரியம்மா, இந்த வருஷம் அம்மா குடத்த நான் எடுக்கறேன்” என்று அவளும் விரதம் இருந்தாள்.

நேற்று உத்திரம். நான் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

“பெரியம்மா... வந்துருச்சு.” அழுகையா சிரிப்பா, தெரியவில்லை.

“எது, வேனா?” என்றேன்.

குடம் மறுபடியும் என் தலைக்கு வந்தது. வழிந்த பால் நெற்றியில் இறங்க, திரும்பிப் பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம், இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள் உன் மகள்.