வெண்மதிக்கு ‘வாவ்’ வராது

9.1.2006, திங்கள்
ஸ்கூலுக்குக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். வெண்மதியோட எல்.கே.ஜி. மிஸ் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “யானை படம் காட்டுனா மத்த பசங்கல்லாம் ‘வாவ்’னு கத்துறாங்க மேடம். உங்க பொண்ணு உம்முனு பாக்குறா. ஆர்வமே இல்ல. இப்படியே இருந்தா மறுபடியும் எல்.கே.ஜி.தான்.”
பி.எஸ்சி. படித்தவள் நான். என் பெண் நாலு வயதிலேயே ஃபெயிலா?

10.1
டிக்‌ஷனரியை எடுத்துப் பார்த்தேன். வாவ் — வியப்பு, மகிழ்ச்சி, ஆர்வம் வந்தால் சொல்வது. நான் கடைசியாக எப்போது சொன்னேன்? காலேஜில் இருக்கலாம். இந்த வூட்டுக்கு வந்தப்புறம் சொல்கிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.
மாமியார் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, “படிச்ச மருமவளாச்சேன்னு கட்டிக்கினு வந்தோம். பெத்த புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லிக் குடுக்கத் துப்பில்ல” என்றார். பேசட்டும்.

13.1
இட்லியைக் காட்டி ‘வாவ்’ சொல்லு என்றேன். பலூனைக் காட்டினேன். காலண்டரில் இருந்த மயிலைக் காட்டினேன். வாயே திறக்கவில்லை. ஸ்கேலால் உள்ளங்கையில் ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே சொன்னாள். கையும் தட்டணும் என்றேன்.

15.1, ஞாயிறு
அவருக்குப் பீங்கான் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து வருகிற கப்பையெல்லாம் விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே கீறல் விட்டதைக் கழிப்பார். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியிலிருந்து நல்லதும் கீறலுமாகக் கொண்டுவந்த நாலைந்து கப்பை எடுத்து வைத்துக்கொண்டு அப்பாவும் மகளும் உட்கார்ந்துவிடுவார்கள். அவள் காதருகே பிடித்துச் சுண்டுவார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். நல்லதென்றால் தலையாட்டுவாள். கீறல் என்றால் உதட்டைப் பிதுக்குவாள். தப்பியதே இல்லை.
“எங்கம்மா காது என் காதவிட சுத்தம்” என்று மகளைக் கொஞ்சினார் இன்றைக்கு.
“காதுக்கு மார்க் போடுவாங்களா? வாயைத் திறக்கச் சொல்லுங்க.”
“அவ சந்தோஷமாத்தான் இருக்கா. ஒனக்குத்தான் கண்ணு தெரியல.”
எனக்குத் தெரியாதாம்! நாள் பூரா இதோட மாரடிக்கிறவ எவ?

2.2
இப்போது அடிக்க வேண்டியதில்லை. ஸ்கேலைக் கையில் எடுத்தாலே போதும்.

20.2
சாம்பார் ஊற்றினேன் — வாவ். கரண்ட் போச்சு — வாவ். மாமியார் மிதியடி தடுக்கி விழப்போனார் — வாவ், கைதட்டல்.
“கொழுப்பப் பாரு! ஒங்காத்தா சொல்லிக் குடுத்தாளாடி?”
ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தேன். உள்ளே போய்தான்.

24.3, வெள்ளி
பாஸ். யு.கே.ஜி. போகலாம். ரொம்ப ஆர்வமான குழந்தை என்று மிஸ் ரிப்போர்ட் கார்டில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள். மாமியாருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை.

26.3, ஞாயிறு
பரீட்சை என்று இரண்டு மாதமாக அவர்களைச் சேர்ந்து உட்கார விடவில்லை. இன்றைக்குப் போகட்டும் என்று விட்டேன். அவர் ஒரு கப்பை எடுத்து அவள் காதருகே கொண்டுபோனார். அவள் கப்பைப் பார்க்கவில்லை. திரும்பி என் கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை.
“வாவ்!” என்று கைதட்டினாள்.
அவர் இன்னும் சுண்டவே இல்லை.