பூந்தமல்லி பஸ்ஸில் நான் சொன்னது

இன்று காலை கரையான்சாவடி பேக்கரியைத் தாண்டும்போது, ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மாவின் வாசனை வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். செத்த பிறகும் என்னை விடமாட்டேன் என்கிறாய்.

எண்பதுகளின் கடைசியில் நாம் இருவரும் ஒரே ஆய்வகத்தில் ஈஸ்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். ஈஸ்ட்டில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, இணை தேடிச் சமிக்ஞை ஒன்றை வெளியே அனுப்பும். அது பட்டதும் மற்ற வகை வளர்வதை நிறுத்திவிடும். ஈஸ்ட் வளர்க்கும் தட்டில் அந்த இடம் தெளிந்த வளையமாகத் தெரியும். நம்மிடமிருந்த பழுதுபட்ட ரகம் ஒன்று மட்டும் வளையமே போடவில்லை. அது சமிக்ஞையைத் தயாரிக்கவே இல்லை என்று புரொபசர் முடிவு கட்டினார். நீயும் தலையாட்டினாய்.

மறுநாள் பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டே நான்தான் சொன்னேன். "தயாரிக்குது. அதை வெளிய தள்ற புரதம்தான் கெட்டுப்போயிருக்கு. செல் சவ்வுல அதுக்குன்னே ஒண்ணு இருக்கணும். செல்லை உடைச்சு உள்ள இருக்கிற சாறைத் தட்டுல வச்சுப் பாரு, வளையம் விழும்."

"இன்னாம்மா, காலங்காத்தால கதை உட்ற?" என்று சிரித்தாய்.

நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் உடைத்துப் பார்த்தாய். வளையம் விழுந்தது. கருத்தரங்கில் உன் யோசனை என்றே பேசினாய். கட்டுரையில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, "பஸ்ல பேசுனதுக்கெல்லாமா பேர் போடுவாங்க?" என்றாய். நீ வெளிநாடு போய்ப் பெரிய மனிதனாகத் திரும்பினாய். நான் ஆய்வை விட்டுவிட்டு முகப்பேரில் ஒரு பள்ளியில் டீச்சரானேன். நாசமாய்ப் போ என்று உன்னைத் திட்டாத நாள் இல்லை.

போன ஞாயிறு உன் வீட்டில் நினைவு ஜெபக்கூட்டம். உன் மனைவி என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னாள். இதற்குத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன். உன்னைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்றுதான் மாங்காட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தேன். உன் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

உன் மனைவியின் முகம் மாறவே இல்லை.

"தெரியும்க்கா. ஆஸ்பத்திரில படுத்துகினு எங்க எல்லார்கிட்டயும் சொல்லி அழுதாரு. உங்ககிட்ட வரத்தான் அவருக்கு தைரியம் வரல."

சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்பதுபோல் தலையசைத்தார்கள்.

பாவி, இதிலும் என்னை முந்திக்கொண்டாயே. அழுது தீர்த்துவிட்டு நீ நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாய். அவர்களும் உன்னை மன்னித்தாயிற்று. நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். என்னிடம் மட்டும் நீ கேட்கவே இல்லை.