ஒரு சகோதரி

அப்பா குளித்துவிட்டு வந்தார். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துச் சீவிவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். சோப்பு போட்டுக் கை கழுவியும் வலது உள்ளங்கையில் எண்ணெய் வாசம் போகவில்லை. எனக்கு அது அப்பாவின் தலை வாசம் இல்லை. உன் தலை வாசம். முப்பத்தொரு வருடமாக அப்படித்தான்.

இன்று நம் ஊர் சாஆவில், நாம் இருவரும் வளர்ந்த அதே சபையில், உனக்கு நினைவு ஆராதனை நடந்தது. போய்விட்டுச் சற்று முன்புதான் ஜொகூர் பாரு வந்து சேர்ந்தோம். அங்கே நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இறந்துபோனவர்களுடன் பேசுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அது உனக்கும் தெரியும். அதனால் இதை ஜெபம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அந்த பிஸ்கட் டின்னை இன்னும் வைத்திருக்கிறார்கள். சதுர டின், மூடியில் உளியால் வெட்டிய துளை. ஓரம் முழுக்கத் துருப்பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். யாரும் தன் பெயரை எழுதுவதில்லை. ‘ஒரு சகோதரிக்கு முட்டி வலி’ என்று வாசித்தால், முன் பெஞ்சில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்தான் அந்தச் சகோதரி. ‘ஒரு சகோதரனுக்குக் கோபம் அதிகம் வருகிறது’ என்றால் அவர் மனைவி தலையைக் குனிந்து சிரிப்பாள். தன்னைத் தவிர வேறு யாரைப் பற்றியும் ‘ஒரு சகோதரி’ என்று எழுதக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் யாரும் எழுதியதில்லை, உன்னைத் தவிர.

அந்த வருடம் நமக்குப் பதினேழு வயது. தோட்டத்து லயத்து வீட்டில் ஒரு குழந்தைக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. சபையே மூன்று நாள் உபவாசம் இருந்தது. குழந்தை பிழைத்தால் ஆண்டவர் கேட்டார் என்று சொல்வதற்கு எல்லாரும் தயாராக இருந்தோம். குழந்தை போய்விட்டது. அடக்கத்தில் நின்று, ஆண்டவர் சித்தம் என்றார்கள். என்ன நடந்தாலும் சரியாகிவிடுகிற விடையை நான் அன்றுதான் முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். அதற்குப் பிறகு கண்ணை மூடினால் எதிரே வெறும் இருட்டுதான் இருந்தது.

சனிக்கிழமை நீயும் நானும் சபையைக் கழுவிக்கொண்டிருந்தபோது உன்னிடம் சொன்னேன்.

“எனக்கு ஜெபம் வரலடி.”

“ஏன், தொண்ட கட்டிக்கிச்சா?”

“விளையாடாத. அந்தப் பக்கம் ஆளே இல்லாத மாதிரி இருக்கு.”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, காய்ச்சலைப் பற்றிக் கேட்பவள் போல, “எவ்ளோ நாளா?” என்று கேட்டாய்.

“ரெண்டு மாசமா. யார்கிட்டயும் சொல்லாத. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்.”

“சொல்ல மாட்டேன். சத்தியமா.” உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாய். “ஐயோ, சத்தியம் பண்ணக்கூடாதுல. சும்மாவே சொல்ல மாட்டேன்.”

நீ சொல்லவில்லைதான். எழுதினாய்.

என் அப்பா தமிழ்ப்பள்ளி வாத்தியார். பாஸ்டர் வராத வெள்ளிக்கிழமைகளில் ஜெபக் கூட்டத்தை அவர்தான் நடத்துவார். டின்னைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக வாசித்துக்கொண்டு வந்தார். நான் கீபோர்டில் உட்கார்ந்திருந்தேன். ‘ஒரு சகோதரியால் ஜெபிக்க முடியவில்லை. கடவுள் இருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் விழுந்துவிடாமல் காக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள்.’

அப்பா சீட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்தச் சபையில் பாதிப் பேருக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ‘விழுந்துவிடாமல்’ என்பதில் வந்த ‘ழு’வின் வாலை யார் அப்படி இழுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடிக்கு மேலாக உன்னைப் பார்த்தார்.

“எந்திரிச்சு வாம்மா,” என்றார். குரல் நடுங்கியது. “பயப்படாத. நாங்கல்லாம் இருக்கோம்.”

மொத்தச் சபையும் உன்னைத் திரும்பிப் பார்த்தது. உன் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நீ என்னைப் பார்த்தாய். ‘நான் இல்லை வாத்தியார்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானும் சொல்லியிருக்கலாம். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். எந்தப் பக்கம் திறந்திருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது, எண் நாற்பத்திரண்டு.

நீ எழுந்து போய் மண்டியிட்டாய். பெரியவர்கள் சுற்றி நின்று உன் தலையில் கை வைத்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பி, “நீயும் வா. சிநேகிதிதானே, வந்து கைய வை,” என்றார். வந்தேன், வைத்தேன். எண்ணெய் வழியச் சீவிய தலை, சூடாக இருந்தது. என் சந்தேகம் உன்னை விட்டு நீங்க வேண்டும் என்று முப்பது பேர் மன்றாடினார்கள். நானும் உதட்டை அசைத்தேன்.

சபை நடத்திய பாலர் பள்ளியில் ஆசிரியை வேலையை உனக்கென்று வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் அது வேறொருத்திக்குப் போனது. யாரும் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. “கொஞ்ச நாள் போகட்டும்மா, நீ முதல்ல ஸ்திரப்படணும்,” என்றார்கள். ஞாயிறு பள்ளி வகுப்பையும் அப்படியே அன்பாக எடுத்துக்கொண்டார்கள். நீ ஜொகூர் பாருவுக்கு வந்து அறை எடுத்து, தினமும் எல்லை தாண்டிப் போகிற சிங்கப்பூர் ஃபேக்டரி பஸ் ஏறினாய். நான் பல்கலைக்கழகம் போனேன்.

வெளியே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வேதியியல் படித்தேன். தண்ணீரைச் சோதித்து, இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதிக் கொடுக்கிற வேலையும் கிடைத்தது. ஆனால் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அப்பா என்னைக் கீபோர்டில் உட்கார வைத்துவிட்டு உன் கதையைச் சாட்சியாகச் சொல்வார். வழிதவறிப் போக இருந்த பிள்ளையை ஒரே ஒரு சீட்டு எப்படித் திருப்பிக் கொண்டுவந்தது என்று. அன்று மழை கொட்டியதாகச் சொல்வார். மழையே பெய்யவில்லை. அம்மா இறந்த பிறகு அவர் என்னோடு ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டார். இங்கே உள்ள சபையிலும் கீபோர்டு, இங்கேயும் அதே சாட்சி. ஞாயிறு காலை எட்டரைக்கு அவரைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு, நான் என் இடத்தில் போய் உட்காருவேன். வாசிப்பவள் நம்புகிறாளா இல்லையா என்று ஒரு ஸ்வரம்கூடக் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுத்திருந்தால் என்றோ தப்பித்திருப்பேன்.

இதைப் பற்றி நாம் ஒரே ஒரு தடவைதான் பேசினோம். ஆறு வருடம் முன்பு, சாஆவுக்குப் போகிற வழியில் ஆயர் ஈத்தாமில் காரை நிறுத்தினோம். பூச்சாடிக் கடையில் ஒரு சாடியைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு தே தாரிக் டீ குடிக்க உட்கார்ந்தபோது கேட்டேன்.

“அன்னைக்கு ஏன்டி எந்திரிச்சுப் போன?”

எந்த அன்றைக்கு என்று நீ கேட்கவில்லை. “எல்லாரும் திரும்பிட்டாங்க. யாராச்சும் ஒருத்தி போகணும்ல. உன் பேரச் சொல்லியிருந்தா உங்கப்பா அங்கேயே மயங்கி விழுந்திருப்பாரு. அப்புறம் அவருக்கு வேற கை வைக்கணும்.”

“கோபமே வரலயா?”

“வராம? பஸ்ஸுல போற வழியெல்லாம் உன்னத் திட்டிக்கிட்டேதான் போவேன். கேவலமாத் திட்டுவேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் பஸ் ஜேம்ல நிக்கிறப்ப தூங்கிருவேன் லா.” சிரித்தாய். பிறகு, “ஆனா ஒன்னு. அன்னைக்கு நிஜமாவே எனக்கு என்னமோ ஆச்சு. அவங்க பண்ண ஜெபம் உனக்கு வந்த பார்சல், அது என் வீட்டுக்கு வந்துருச்சு. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். திருப்பிக் கேக்காத,” என்றாய். “அத்தன கையில உன் கை மட்டும்தான் ஜில்லுன்னு இருந்துச்சு.”

தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, “நீ இன்னமும் அப்படியேதானா?” என்று கேட்டாய்.

“அப்படியேதான்.”

“அலமாக்! அப்புறம் ஏன்டி வாரா வாரம் வாசிக்கிற?”

“அப்பா இருக்காரே.”

“அப்பாவச் சாக்குச் சொல்லாத. வெளிய வந்தா எங்க உக்கார்றதுன்னு உனக்குத் தெரியல.”

நான் எழுந்து போய்த் தே தாரிக்குக் காசு கொடுத்தேன்.

இனி இன்று நடந்தது. உன் மகள் ஜெனி முன் பெஞ்சில் உன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயதில் உன்னைப் போலவே நெற்றியைச் சுருக்குகிறாள். நாலு பாட்டு, பாஸ்டரின் செய்தி, பிறகு அப்பா. எண்பத்து நாலு வயதில் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகிறது, இது மறப்பதில்லை. சீட்டு, மழை, நடுங்கிய குரல். “இந்தப் பிள்ள ஒரு காலத்துல கடவுளே இல்லன்னு எழுதுன பிள்ள,” என்று உன் படத்தைக் காட்டினார். நீ அப்படி எழுதவே இல்லை. ஜெனி தலையை நிமிர்த்தவில்லை. உனக்கு ஒருநாளும் இல்லாத ஒன்றை உன் படத்துக்குக் கீழே எழுதி மாட்டிவிட்டது போல இருந்தது. அதை எழுதிய மை என்னுடையது.

அடுத்து என்னைப் பேச அழைத்தார்கள். எழுந்து போனேன். ஆய்வகத்தில் அறிக்கை வாசிக்கிற குரலில், நேராக, “அந்தச் சீட்டுல எழுதியிருந்த சகோதரி இவ இல்ல. அந்தச் சகோதரி நான்தான்,” என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “ஆமென்!” என்றது. பிறகு நாலு பக்கமும், “ஆமென், ஸ்தோத்திரம்.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. நம் சபையில் எல்லாரும் அப்படித்தானே பேசுவார்கள். அந்தக் காணாமற்போன ஆடு நான்தான், அந்தப் பாவி நான்தான் என்று. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எவ்வளவு தாழ்மை பாருங்க. உண்மைதான், நாம எல்லாருமே அந்தச் சகோதரிதான்.”

“இல்ல பாஸ்டர், நிஜமாவே நான்தான். இன்னமும் நான்தான்.”

இன்னும் சத்தமாக ஆமென். ஒரு அம்மா கையைத் தட்டினார். நான் போய் கீபோர்டில் உட்கார்ந்தேன். வேறு எங்கே உட்காருவது?

அன்று நீ இன்னொருத்தியைப் பற்றி எழுதினாய், உன்னைப் பற்றி என்று வாசித்தார்கள். இன்று நான் என்னைப் பற்றிச் சொன்னேன், எல்லாரையும் பற்றி என்று கேட்டார்கள். நாம் இருவரும் உள்ளதை உள்ளபடி சொன்னோம். அந்தச் சபை மொழிக்கு அது பழக்கமில்லை.

திரும்பி வரும்போது, யோங் பெங் டவுனுக்கு முன்னால், அப்பா “அந்தச் சீட்டுல எழுத்து அவளோடதுதான். நான் பார்த்தேனே,” என்றார்.

“எழுத்து அவளோடதுதான்பா.”

சாலையின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். எண்ணெய் ஆலை வாடை வந்தது. என் பக்கம் திரும்பாமல், “கண்ணாடிய ஏத்தும்மா. வாடை அடிக்குது,” என்றார்.

கண்ணாடி ஏற்கெனவே ஏற்றித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கைப்பேசியைப் பார்த்தேன். ஜெனியிடமிருந்து செய்தி. “ஆன்ட்டி, எல்லாரும் ஆமென் சொன்னாங்க. எனக்கு என்னமோ நீங்க நிஜமா சொன்ன மாதிரி இருந்துச்சு. அது நீங்கதானா?”

“ஆமா,” என்று அனுப்பினேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒருத்தி சரியாகக் கேட்டிருக்கிறாள்.

“அப்போ அம்மாவுக்கு டவுட்டே இருந்தது இல்லயா?”

“ஒரு நாளும் இல்ல. அம்மா எனக்காகத்தான் எழுதினா. எனக்காகத்தான் எந்திரிச்சுப் போனா.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். உன் பெயரை உனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். நெடுநேரம் கழித்து அடுத்த செய்தி வந்தது.

“தாத்தா அந்தக் கதையச் சொல்றப்பல்லாம் எனக்குத் தைரியமா இருக்கும் ஆன்ட்டி. அம்மாவும் என்ன மாதிரிதான் இருந்தாங்கன்னு. அவங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போயிட்டாங்க. எனக்கும் ஜெபம் வர மாட்டேங்குது. எங்கப்பாகிட்டச் சொல்லிடாதீங்க.”

உன்னைச் சிறுமைப்படுத்தியது என்று நான் நினைத்த பொய்யில் உன் மகள் சாய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். அதை நான்தான் இன்று உருவிவிட்டேன். நான் இருந்த அதே இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். அங்கிருந்து வெளியே வரும் வழி எனக்கே தெரியாது. போதனை செய்யவும் வராது, பொய்யாக ஆறுதல் சொல்லவும் வராது. உன்னிடமிருந்து கற்ற ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது. அதைத் தட்டி அனுப்பினேன்.

“எவ்ளோ நாளா?”

அவள் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று திரை காட்டுகிறது. நிற்கிறது, மறுபடி காட்டுகிறது. நீளமான பதில் போலிருக்கிறது. அவசரமில்லை. அப்பா தூங்குகிறார். என் உள்ளங்கை இன்னும் வாசமடிக்கிறது.

உன் மகளைப் பற்றி யாரிடமும் எதுவும் எழுதிக் கொடுக்க மாட்டேன், ஒரு சகோதரி என்றுகூட. உனக்கு எழுதியதும் இதோடு சரி.