நான் போன பிறகு பேசியது

மார்ச் 3, ஞாயிறு
வழக்கமான ஞாயிறு அழைப்பு. அண்ணன் வெளிநாட்டிலிருந்து, தங்கை அரை நாள் பயணத் தூரத்திலிருந்து, அப்பா இரண்டு தெரு தள்ளி அவர் வீட்டிலிருந்து, நான் என் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையிலிருந்து. அப்பா போனை எப்படிப் பிடித்தாலும் நெற்றி மட்டும்தான் தெரியும். பல வருடங்களாக அந்த நெற்றியோடுதான் அண்ணன் பாசமாக இருக்கிறான். "குடும்பம்னா இதுதான். எங்க இருந்தாலும் ஒண்ணா இருக்கோம் பாரு" என்றான். எல்லோரும் தலையாட்டினோம். நெற்றியும் ஆடியது.

நாலரைக்கு நான் விலகினேன். எப்போதும் நான்தான் முதலில். ஞாயிறு மாலையில்தான் ஊரில் பாதிப் பேருக்குத் தங்களுக்குக் கண் தெரியவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. கடை திறந்தாக வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்
காலையில் அப்பா வீட்டில் துணிகளுக்கு நடுவே க்ரீம் பிஸ்கட். பறிமுதல் செய்தேன். "எலிக்கு வாங்கினது" என்றார். அந்த எலிக்கும் சர்க்கரை வியாதி என்றேன். சிரிக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு
எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அழைப்பிலிருந்து விலகிக் கடையைத் திறந்தால் தெரு முழுக்க மின்சாரம் இல்லை. எழுத்துப் பலகை எரியாமல் யார் கண்ணைப் பார்ப்பது? சரி, இன்னும் கொஞ்சம் பேசலாமே என்று அதே இணைப்பில் மறுபடி நுழைந்தேன். எல்லோரும் இருந்தார்கள். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள்: "மாமா, இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சு. இவர் வந்து கூட்டிட்டு வந்துடுவார்."

"அக்காகிட்ட யார் சொல்றது?" - தங்கை.

"முந்தின நாள் சொல்லிக்கலாம்" என்றார் அப்பா. "இப்பவே தெரிஞ்சா நான் கிளம்பின மாதிரிதான்."

அப்பாவின் முழு முகமும் தெரிந்தது. கண், மூக்கு, வாய், காலர் பட்டன் வரை. போனை அவ்வளவு நேராகப் பிடித்திருந்தார். இவருக்குத் தெரியாது என்று நினைத்து நான் எத்தனை ஞாயிறு சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"எங்கப்பா கிளம்பறீங்க?" என்றேன்.

அண்ணன் அசையாமல் நின்றான், நெட் கோளாறுபோல. அவன் பின்னால் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

மார்ச் 11, திங்கள்
தங்கை கூப்பிட்டாள். உறவு வட்டாரத்தில் அவளுக்குச் செய்தித்துறை என்று பெயர். அவள் வயிற்றில் ஒரு விஷயம் ஒரு மணி நேரம் தங்காது.

"எவ்ளோ நாளா நடக்குது?"

"டிக்கெட்டாக்கா? போன மாசந்தான்..."

"நான் போன பிறகு பேசறது."

"ரெண்டு வருஷம் இருக்கும்க்கா. சும்மாதான் பேசுவோம். நீ இருந்தா எல்லாரும் டாக்டர்கிட்ட வந்த மாதிரி ஆயிடறோம். மாத்திரை போட்டியா, நடந்தியான்னு..."

நான் விலகியதும் உடனே ஆரம்பிக்க மாட்டார்களாம். கொஞ்சம் பொறுப்பார்களாம். மரியாதை தெரிந்த குடும்பம்.

மார்ச் 12, செவ்வாய்
அப்பா வீட்டுக்குப் போகவில்லை. மாத்திரைப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அது போனதாகாது.

மார்ச் 14, வியாழன்
போனேன். கட்டில் மேல் பெட்டி திறந்திருந்தது. சட்டைகளை அவரே மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்பா என்கிட்ட சொல்லல?"

"நீ நல்லாத்தான் பாத்துக்கறே."

"அப்புறம்?"

"அதான்மா. ரொம்ப நல்லா பாத்துக்கறே."

இதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

என்னதான் பண்ணிட்டேன் நான்? பக்கத்துல இருந்தது தப்பா? நகம் வெட்டி விட்டேன், கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊத்தினேன், ஆஸ்பத்திரியில வரிசையில நின்னேன். அண்ணன் அங்க உக்காந்து "சாப்பிட்டீங்களாப்பா"ன்னு கேப்பான், அவன் பாசக்காரன். நான் "சாப்பிடாதீங்க"ன்னு சொன்னேன், நான் போலீஸ்காரி. சொல்லாம போறதுக்கு நான் என்ன வீட்டு ஓனரா, வாடகை பாக்கி வெச்சுட்டு ஓடற மாதிரி?

மார்ச் 28, வியாழன்
விமான நிலையம். அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து, "உனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்ல" என்றான். என் ஓய்வைப் பற்றி இத்தனை பேர் என்னைத் தவிர்த்துவிட்டுக் கூடிப் பேசியிருக்கிறார்கள்.

அப்பா, "ஞாயித்துக்கிழமை பேசலாம்மா" என்றார்.

"பேசலாம்பா. நான் போன பிறகும் பேசலாம்."

அவர் பெட்டியின் கைப்பிடியைச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

அப்பா வீட்டுக்கு அடுத்த வாரம் வாடகைக்கு ஆள் வருகிறது. அதையும் அண்ணனே ஏற்பாடு செய்துவிட்டான். புதுக் குடித்தனக்காரர் என்னிடம் வந்து தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று கேட்டார். அது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு
அழைப்பு. அப்பா பெரிய சோபாவில், பக்கத்தில் தட்டு நிறைய கேக். நான் பார்த்தது எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. தங்கையின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

இன்று கடைக்கு விடுமுறை. ஆனாலும் நாலரைக்கு விலகினேன். அவர்கள் வேலை கெடக்கூடாதல்லவா.

மே 8, புதன்
ஒரு பெண்மணிக்கு லென்ஸ் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கும்போது போன். அப்பா. கிசுகிசு குரல், பின்னால் குழாய் திறந்திருக்கும் சத்தம். அந்தப் பெண்மணியைக் கண்ணில் சோதனைச் சட்டத்தோடு உட்கார வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன்.

"பக்கத்துல யாரும் இல்லையே?"

"இல்லப்பா. என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன். என்ன வேணும்னாலும் சாப்பிடுங்கப்பான்னு சொல்லிட்டு அவங்கவங்க வேலைக்குப் போயிடறாங்க." குழாய் ஓடியது. "இங்க யாரும் திட்டறதே இல்லைம்மா."

"சர்க்கரை எவ்வளவு இருக்கு?"

"பாக்கல."

"எப்பலேருந்து பாக்கல?"

"வந்ததுலேருந்து."

திட்டினேன். பாசக் கணக்கில் யாரும் சேர்க்காத திட்டுதான். சர்க்கரைக்குக் கொஞ்சம், டிக்கெட்டுக்கு நிறைய. "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மூச்சு வாங்கிய இடத்தில் கேட்டார்: "உன் வீட்ல அந்த மாடி ரூம் சும்மாதானே கிடக்கு?"

அவர் பக்கம் குழாய்ச் சத்தம் இன்னும் கூடியது.

"அவன்கிட்ட இப்ப சொல்லிடாதே. அவன் மனசு கஷ்டப்படும். நானே சமயம் பாத்துச் சொல்லிக்கறேன்."

மே 11, சனி
கோபம் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை. அப்படியே இருக்கிறது.

மே 19, ஞாயிறு
அழைப்பு. அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போனார். அண்ணன் குரலைத் தாழ்த்தி, "அப்பா ரெண்டு வாரமா ஒரு மாதிரி இருக்கார். உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?" என்றான்.

"என்கிட்டயா? என்கிட்ட யார் என்ன சொல்றாங்க?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றினான். அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். மூவரையும் நலம் விசாரித்தார்.

மாடி அறையில் பெயிண்ட் வாசம் போக இன்னும் இரண்டு நாளாவது ஆகும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.