உள்ளே நான் மட்டும்

12.2.2006, ஞாயிறு இரவு

நாளை முதல் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்கு நான்தான் போர்மேன். டிப்ளமோ இருக்கிறது, பயிற்சியும் முடித்தாயிற்று. இருந்தும் தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் கம்பெனி ஆட்கள் நடிக்கும் பாதுகாப்பு நாடகத்துக்கு ஒத்திகை. நடனம் சொல்லித்தரும் கலாக்கா எங்களைப் பள்ளிக்கூட ஹாலில் பேசாமல் நடக்கச் சொன்னார். தலைவர் யாரும் கிடையாது. ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், ஒருவர் ஓடினால் எல்லோரும் ஓட வேண்டும். வெட்டி வேலை என்று நினைத்துக்கொண்டே விறுவிறுவென்று நடந்தேன். என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கவே திரும்பினேன். ஹாலில் ஒருவரும் இல்லை. எல்லோரும் வெளியே நின்று சிரித்தார்கள்.

"ஏலே போர்மேனு, நாங்க ஓடியாந்து எம்புட்டு நேரமாச்சு! அங்கன தனியா என்னலே பண்ற?" என்றான் கூட வேலை பார்க்கும் மாரி.

நானும் சிரித்து வைத்தேன். நாளை என் முதுகுக்குப் பின்னால் மருந்து கலக்குகிற ஆளின் கை, ஏதோ ஆபத்தென்று சட்டென்று நின்றால்? எல்லோரும் ஓடிவிட்ட பிறகுதான் எனக்குத் தெரியுமா?

பக்கத்தில் தம்பி தூங்குகிறான். அவன் மூச்சைக் கவனித்துப் பார்த்தேன். பேனா ஓடும்போது கேட்கவில்லை, நின்றால்தான் கேட்கிறது. நிறுத்துகிறேன்.